பிரெஞ்சு ஒயின்: ருசியை முடிவு செய்வது ஆலோசகரா, தோட்டமா?

பழைய பீப்பாய் (இழையைத் தொடங்கியவர்)

வேறொரு இழையில் ஒருவர் "போர்தோ ஒயின் எல்லாமே இப்போது ஒரே ருசி, எல்லாம் மிஷெல் ரோலான் செய்த வேலை" என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். ரோலான் என்பவர் தென்மேற்குப் பிரான்சின் போர்தோ பகுதித் தோட்டங்களுக்கு ஒயின் செய்ய ஆலோசனை சொல்லிப் பேர் வாங்கியவர். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகர்களுக்குச் செல்வாக்கு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். கிடங்குக்குள் ஏதோ ரசவாதம் செய்து ருசியை மாற்றினார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அவர்கள் பெரிதாகக் கை வைத்தது தோட்டத்தில். ஒரு கொடியில் எத்தனை கொத்து விடுவது, எந்தப் பக்கத்து இலையைக் கிள்ளுவது, என்றைக்கு அறுப்பது, இந்த மூன்றிலும்தான் ருசி மாறியது.

கொஞ்சம் பின்னால் போவோம். எமில் பெய்னோ (1912–2004) போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் வருமுன் பெரும்பாலான இடங்களில் பாட்டன் செய்தபடிதான் ஒயின். மழை வந்து அழுகிவிடுமோ என்ற பயத்தில் காயும் பழமுமாக அறுத்து, அழுகலையும் சேர்த்தே தொட்டியில் கொட்டுவார்கள். முதல் நொதித்தல் முடிந்து, வசந்த காலத்தில் ஒயின் மறுபடி குமிழி விட்டால் ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்தவர்களும் உண்டு. அது மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாவது நொதித்தல், சிவப்பு ஒயினுக்கு அது வேண்டும், நாமே கட்டுப்படுத்தி நடத்தலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் புரியவைத்தவர் பெய்னோ. தொட்டியைக் கழுவு, கெட்ட பீப்பாயைத் தூக்கிப் போடு, பழுத்ததை மட்டும் அறு, சுமாராக வந்ததை இரண்டாம் தர ஒயினுக்கு ஒதுக்கு. அவர் சொன்னதில் பாதி சுத்தம், மீதி பொறுமை. 1977-ல் மென்ட்ஸெலோபுலோஸ் குடும்பம் போர்தோவின் பேர்போன தோட்டமான ஷாத்தோ மார்கோவை வாங்கியதும் அவரைக் கூப்பிட்டது. 1978 ஒயினிலேயே வித்தியாசம் தெரிந்தது.

அப்போதும் இதே புகார்தான். பெய்னோ கை பட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது என்று எண்பதுகளில் சொன்னார்கள்.

ரோலான் அடுத்த தலைமுறை. 1947-ல் பிறந்தவர். போர்தோவின் பொமரோல் ஊரில் திராட்சை விளைவித்த குடும்பம். 1973-ல் மனைவி டானியோடு லிபூர்ன் ஊர்ப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தை எடுத்து நடத்தத் தொடங்கினார். அங்கே ஒயினைப் பரிசோதிக்கக் கொண்டுவந்தவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, கோளாறு கிடங்கில் இல்லை, நீங்கள் பழுக்காத பழத்தை அறுக்கிறீர்கள் என்பதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

சரி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு

அண்ணே, விவசாயியாக ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஆலோசகர் என்றால் உரக்கடைக்காரர்தான். அவர் கடையில் எந்த மருந்து விற்காமல் கிடக்கிறதோ, அந்த நோய்தான் நம்ம தோட்டத்தில் வந்திருக்கும்.

நாங்கள் பன்னீர் திராட்சையைப் பந்தலில் விடுகிறோம், தண்ணீர் பாய்ச்சுகிறோம், கவாத்து பண்ணிப் பண்ணி வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே அறுக்கிறோம். எடைதான் காசு. அங்கே நல்ல கொத்தையே வெட்டிக் கீழே போடுகிறார்களாமே, நிஜமா? எதுக்கு?

பழைய பீப்பாய்

நிஜம்தான். பச்சை அறுப்பு என்பார்கள். போர்தோவில் இதை முதலில் துணிந்து செய்தது பொமரோலின் பெத்ருஸ் தோட்டத்தில், 1973-ல், கிறிஸ்தியான் முயேக்ஸ். ஊரே முணுமுணுத்தது. போரையும் பஞ்சத்தையும் பார்த்த தலைமுறை அது, காய்த்ததை வெட்டி மண்ணில் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

காரணம் இதுதான். அங்கே பாசனம் பொதுவாகக் கூடாது, அறுவடையும் வருஷத்துக்கு ஒன்றுதான். இலையில் உண்டாகும் சர்க்கரை எத்தனை கொத்துக்குப் பங்கு போகிறது என்பதுதான் கணக்கு. கொத்து குறைந்தால் மிச்சம் இருப்பது சீக்கிரம் பழுக்கும். சீக்கிரம் பழுத்தால் அக்டோபர் மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். எண்பதுகளில் சாதாரண போர்தோவில் 12, 12.5 சதவீதம் ஆல்கஹால் வருவதே பாடு. அதற்கும் பல வருஷங்களில் சர்க்கரை மூட்டையைத் தொட்டியில் கொட்டித்தான் சரிக்கட்டினார்கள், சட்டமும் அனுமதித்தது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. போருக்குப் பிறகு நட்டவை நிறையக் காய்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த நாற்றுகள். வேர்க்கட்டையும் (ஒட்டுக்கட்ட அடியில் வைக்கிற வேர்ச்செடி) அப்படித்தான், எஸ்ஓ4 என்று ஒன்று, கொடியைத் தறிகெட்டு வளரவிடும். அதோடு மூட்டை மூட்டையாக உரம். பச்சை அறுப்பு பெருமளவுக்கு அந்தப் பாவத்துக்குச் செய்த பரிகாரம். சரியான மண்ணில், சரியான வேரில் நிற்கிற பழைய கொடிக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது.

லிபூர்ன் வாசி

வணக்கம். நான் சாந்த்-எமிலியோன் பக்கம் தோட்ட வேலை செய்கிறவன். முதலில் பாரிசில் சாப்பாட்டுக் கடை, பிறகு இங்கே. பீப்பாய் அண்ணை சொன்னதைச் செய்கிறவர்களின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் காய் நிறம் மாறும். ஒரு கொடியிலே ஏழெட்டுக் கொத்து வடிவாகக் கறுத்து நிற்கும், ஒன்றிரண்டு மட்டும் பச்சையும் ரோசாவுமாக இருக்கும். அவற்றை வெட்டச் சொல்வார்கள். கொத்தின் தோளிலே தனியாக ஒரு குட்டிக் கொத்துத் தொங்கும், அதுவும் போக வேண்டும், ஏனென்றால் அது எப்போதும் பிந்தித்தான் பழுக்கும். இரண்டு கொத்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றால் ஒன்றை எடுக்க வேண்டும். இடையிலே காற்றுப் போகாவிட்டால் செப்டம்பர் மழைக்குச் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். கொடி இங்கே குட்டை, பழம் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்த நிலை. கால் வைக்கிற இடமெல்லாம் காய். புதிதாக வருகிற பெடியளுக்கு அதை மிதிக்க மனம் வராது.

ஆலோசகர் வருகிற நாளில் முதலாளி வெள்ளென வந்து நிற்பார். ஆள் காரால் இறங்கி, வரிசைக்குள்ளே நடந்து, நாலைந்து பழத்தை வாயில் போட்டுத் தோலை மெல்லுவார். விதையைக் கையில் துப்பிப் பார்ப்பார், பச்சையா மண்ணிறமா என்று. ஒன்றைப் பல்லால் கடித்தும் பார்ப்பார். "இன்னும் ஐந்து நாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த ஐந்து நாளுக்குள் மழை கொட்டினால் நட்டம் அவருடையது இல்லை.

அந்த ஐந்து நாள் எங்களுக்கும் சம்பளம் இல்லாத நாள்தான். இங்கே நிறையத் தோட்டங்களில் வேலையைக் குத்தகைக்காரர் மூலம் விடுகிறார்கள். எனக்கு வாய்த்த ஒருவர் கொடிக் கணக்கில் காசு தருவார். இலை கிள்ளுவதை நிதானமாகச் செய்தால் காசு குறையும், ஓடி ஓடிச் செய்தால் பழத்திலே கீறல் விழும். ஆலோசகரின் அறிக்கையில் இதெல்லாம் வராது.

எதிர்க்கட்சி

லிபூர்ன்காரர் சொன்னதுதான் அசல் செய்தி. நன்றி.

பீப்பாய் சார், உங்கள் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ரோலானுக்கு வக்கீல் வேலை பார்க்கிற மாதிரியும் இருக்கிறது. கிடங்கில் அவர் கை வைக்கவில்லையா? 2004-ல் வந்த அந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காரில் போய்க்கொண்டே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரே மருந்து எழுதுகிறார், நுண்ணளவு ஆக்சிஜன் விடுங்கள் என்று. புதிய ஓக் பீப்பாய், வறுத்த காபி வாசம், ஜாம் மாதிரி பழம். எல்லாம் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கரிடம் 95 மதிப்பெண் வாங்கத்தானே?

சாந்த்-எமிலியோனில் ஷாத்தோ பாவி என்ற தோட்டத்து 2003 ஒயின் ஞாபகம் இருக்கிறதா? உரிமையாளர் பெர்ஸ், ஆலோசகர் ரோலான். பார்க்கர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 போட்டார், இது போர்தோ ஒயின் மாதிரியே இல்லை என்றார். உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அது கிடங்குச் சமாசாரமா, தோட்டச் சமாசாரமா?

பழைய பீப்பாய்

அதுவும் தோட்டம்தான் என்பேன். 2003 ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்க என்ன வெயில் என்று யோசியுங்கள். பாவி தெற்குப் பார்த்த சரிவு. அந்த வருஷத்தில், பழுக்காத எண்பதுகளுக்கென்று எழுதிய பாடத்தை அப்படியே நடத்தினார்கள். கொத்தைக் குறை, இலையைக் கிள்ளு, காத்திரு. பழம் உலர் திராட்சைக்குப் பக்கத்தில் போய்விட்டது. தொட்டிக்குள் வந்தபிறகு அதை யாரும் பின்னால் இழுக்க முடியாது.

நுண்ணளவு ஆக்சிஜன் விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு. அதை ரோலான் கண்டுபிடிக்கவில்லை. தென்மேற்கில் மதிரான் என்ற இடம், அங்கே தன்னா என்ற திராட்சை, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. 1990-களின் தொடக்கத்தில் பத்ரிக் துக்குர்னோ என்ற அந்த ஊர்த் தயாரிப்பாளர், தொட்டியின் அடியில் நுண்துளைக் குழாய் வைத்து மிகச் சிறிய குமிழிகளாக ஆக்சிஜனை விட்டுப் பார்த்தார். பீப்பாயின் மரத்துளை வழியே மெதுவாக நடப்பதைத் தொட்டியிலேயே நடத்துகிற வேலை. தன்னாவுக்கு அது வைத்தியம். போர்தோவின் மென்மையான மெர்லோ திராட்சைக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான்.

ஓக் விஷயத்திலும் உங்கள் பக்கம். புது மரம் அளவு மீறினால் எந்த ஊர் ஒயினும் தச்சுப்பட்டறை வாசம்தான் அடிக்கும்.

ஒரே ஆலோசகர் என்றால் ஒரே ருசி என்பதற்கு மட்டும் ஒரு எதிர்க்கேள்வி. லஃபீத், லத்தூர், மூத்தோன், மார்கோ, போர்தோவின் மெதோக் பகுதியில் உள்ள இந்தப் பெரிய தோட்டங்கள் நான்குக்கும் ஆலோசனை சொன்னது ஒரே குடும்பம், மெதோக்கின் லமார்க் ஊர் புவஸனோக்கள். அப்பா ஜாக், அவர் பெய்னோவின் மாணவர், பிறகு மகன் எரிக். பத்திரிகையில் பேரே வராது. அந்த நான்கும் ஒரே ருசி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எதிர்க்கட்சி

அந்த விலைக்கு நான் ருசித்தால்தானே சொல்ல!

வாதம் புரிகிறது. அப்படியென்றால் நல்ல ஆலோசகர் தன் கையெழுத்தை விடமாட்டார், ரோலான் விட்டார். அவ்வளவுதானே?

ஆய்வுக்கூடம்

வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். நீங்கள் இருவரும் போர்தோவிலேயே நிற்கிறீர்கள், கிழக்குப் பிரான்சின் பர்கண்டிக்கும் கொஞ்சம் வாருங்கள். அங்கே கதை மண்ணில் தொடங்குகிறது.

ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை பர்கண்டியில் பொட்டாஷ் உரத்தை வாரி இறைத்தார்கள். பொட்டாசியம் பழத்துக்குள் ஏறினால் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும். அமிலம் குறைந்து pH அளவு ஏறும். அப்படிப்பட்ட ஒயின் வெளிறும், பாக்டீரியா எளிதாகத் தொற்றும், பீப்பாயில் நீண்ட நாள் தாங்காது. மண்ணில் ஒருமுறை ஏறிய பொட்டாசியம் உடனே இறங்காது, பத்து இருபது ஆண்டு பிடிக்கும். எழுபதுகளில் வந்த பல பர்கண்டி ஒயின்கள் ஏன் நீர்த்துப்போய் இருந்தன என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்போதுதான் கீ ஆக்காத் வருகிறார். லெபனானில் பிறந்த வேளாண் வல்லுநர். முதலில் மண் பரிசோதனை, அப்புறம் விளைச்சல் குறைப்பு, தாமத அறுவடை. ஆனால் அவர் பேர் கெட்டது கிடங்கில். நசுக்கிய பழத்தைக் குளிரவைத்து, கந்தக டைஆக்சைடைத் தாராளமாகப் போட்டு, ஒரு வாரமோ அதற்கு மேலோ நொதிக்கவிடாமல் ஊறவைப்பார். நிறம் கருப்பாக இறங்கும், பழ வாசம் தூக்கும். எண்பதுகளில் பல தோட்டங்கள் அவர் பின்னால் போயின, வோன் ரோமானேயின் எத்தியென் கிரிவோ உட்பட. பர்கண்டியின் சிவப்புத் திராட்சையான பினோ நுவார் இப்படி இருக்குமா, எந்த ஊர் என்றே தெரியவில்லையே என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிரிவோ பிறகு தன் வழியில் போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் கும்பிடுகிற பர்கண்டித் தயாரிப்பாளர் ஆன்ரி ஜாயேயும் (1922–2006) குளிர் ஊறல் செய்தவர்தான், கந்தகத்தில் கை இறுக்கமாக. ஜாயே செய்தால் மேதைமை, ஆலோசகர் சொல்லிச் செய்தால் கலப்படம்!

அடுத்து புர்கினியோன் தம்பதி, குளோத், லிதியா. அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளியே வந்து சொந்தமாக மண் ஆய்வுக்கூடம் வைத்தவர்கள். பர்கண்டியின் சில தோட்டங்களைவிட சகாரா மணலில் நுண்ணுயிர் அதிகம் என்று குளோத் சொன்னது எல்லா ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது. அந்த ஒப்பீட்டை அறிவியல் அளவீடாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன், அது மேடைப் பேச்சு. ஆனால் களைக்கொல்லியும் கனரக டிராக்டரும் மண்ணை இறுக்கி வேரை மேலேயே நிறுத்திவிட்டன என்பது உண்மை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் கலப்பையைத் திரும்ப எடுத்தார்கள். ஒரு ஆலோசகர் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

மண் என்றதும் சுண்ணாம்பு ருசி, சரளை ருசி என்று கவிதை பாடுகிறவர்களுக்கு ஒன்று. போர்தோவில் ழெரார் செகேன் மெதோக் மண்ணைப் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது, எந்தத் தாது இருக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை, வேருக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். மழை பெய்தால் வடிய வேண்டும், காய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். லேசான தாகத்தில் கொடி வளர்வதை நிறுத்திப் பழத்தைப் பழுக்கவைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு

மேடம் சொன்ன தண்ணீர்க் கணக்கு எங்களுக்கும் தெரியும். அறுப்புக்கு முன்னால் தண்ணீரைக் குறைத்தால் பழம் இனிக்கும். அங்கே வானமே அதைச் செய்ய வேண்டும் போல.

மழை பெய்தால் என்ன செய்வார்கள்? மூடி வைக்க முடியாதா?

பழைய பீப்பாய்

மூடிப் பார்த்தார்கள்! இது எனக்குப் பிடித்த கதை. 2000-ம் ஆண்டு ஜான்-லுக் துனேவான் (சின்ன ஷெட்டில் ஒயின் செய்து வலாந்ரோ என்ற பேரை உலகம் முழுக்கப் பரப்பியவர், முதல் விளைச்சல் 1991) தோட்டத்தின் ஒரு பகுதியில் வரிசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் விரித்தார். மழைத் தண்ணீர் வேருக்குப் போகாமல் வழிந்தோட வேண்டும் என்று. பூர்விகப் பெயர்களைக் காக்கும் அரசு அமைப்பான இனாவோ, கூடாது என்று சொல்லிவிட்டது. மழையும் அந்த ஊரின் இயல்பில் ஒரு பகுதி, அதை மறைத்தால் ஊர்ப் பெயரைப் போடக் கூடாது. துனேவான் அந்த ஒயினை வெறும் மேசை ஒயினாக விற்றார், பேர் "தடை செய்யப்பட்டது". அன்றைய சட்டப்படி மேசை ஒயின் லேபிளில் ஊரும் போட முடியாது, ஆண்டும் போட முடியாது.

அதே வருஷம் அதே காரியத்தைத் தன் சொந்தத் தோட்டத்தில் செய்து அதே அடி வாங்கிய இன்னொருவர் ரோலான். ஃப்ரோன்சாக்கில் அவருடைய ஃபோந்தனில். அவர் வைத்த பேர் "சவால்".

எதிர்க்கட்சி சார், உங்கள் கட்சிக்கு இது நல்ல தீனி. மழையைக்கூடத் திருத்தப் பார்த்தவர் என்று எழுதலாம். அவர் கவலை கடைசிவரை தோட்டத்தில்தான் இருந்தது என்று நானும் எழுதலாம்.

எதிர்க்கட்சி

இரண்டையும் எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது ஆலோசகர் கூட்டம் வேறு வேஷம் போடுகிறதே. மாட்டுக் கொம்பில் சாணியை அடைத்துப் புதைப்பது, நிலாவைப் பார்த்து அறுப்பது. உயிராற்றல் விவசாயம். அதற்கும் தனி ஆலோசகர்கள். பர்கண்டியின் லெருவா, லெஃப்லேவ் மாதிரி பெரிய ஒயின் வீடுகள் எல்லாம் ஃபிரான்சுவா பூஷே என்பவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டன. விஞ்ஞானம் போய் மந்திரம் வந்தாச்சா?

ஆய்வுக்கூடம்

கொம்புக்கு என்னிடம் விளக்கம் இல்லை, தேடவும் மாட்டேன். ஆனால் ஆன்-குளோத் லெஃப்லேவ் செய்ததைப் பாருங்கள். 1990-ல் தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கி, வழக்கமான முறையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஏழு வருஷம் கழித்து 1997-ல்தான் முழுத் தோட்டத்தையும் மாற்றினார். மந்திரவாதி அவ்வளவு பொறுமை காட்டமாட்டார். அந்த முறையில் வேலை செய்கிறவன் தினமும் வரிசைக்குள் நடந்தே ஆக வேண்டும், தப்பு வந்தால் அன்றே தெரியும். பலன் அதிலிருந்தும் வரலாம்.

லிபூர்ன் வாசி

அக்கா சொல்வது சரி. ஆனால் ஈரமான வருடத்தில் அது என்ன பாடு என்பதை மெதோக்காரரிடம் கேட்க வேண்டும். போயாக்கில் பொந்தே-கானே, எண்பது ஹெக்டேர், 2004-ல் இந்த முறையைத் தொடங்கினார்கள். 2007-ல் அடிச்சாம்பல் நோய் வந்தபோது உரிமையாளர் தெஸ்ரோன் பயந்து இரசாயன மருந்து அடித்தார், சான்றிதழுக்கான கணக்கு திரும்ப முதலில் இருந்து. 2010-ல்தான் சான்றிதழ். 2018-ல் மறுபடி அந்த நோய். இந்த முறை மருந்து அடிக்கவில்லை, விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பால்மேர் தோட்டத்திலும் அதே கதை, அந்த ஆண்டு ஹெக்டேருக்கு 11 ஹெக்டோலிட்டர்தான், வழமையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் ஒயினே போடவில்லை.

அவர்களால் தாங்க முடியும். பக்கத்திலே ஐந்து ஹெக்டேர் வைத்திருக்கிறவன் தாங்குவானா?

கம்பம் பள்ளத்தாக்கு

அடிச்சாம்பலா! அப்போ அங்கேயும் போர்டோ கலவைதானா? மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணீர்?

பழைய பீப்பாய்

அதேதான், பேரிலேயே ஊர் இருக்கிறதே. மெதோக்கில் சாலையோரக் கொடிகளில் திருடர்கள் கை வைக்காமல் இருக்க நீலநிறமாக எதையோ தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். ஒரு வகையில் அவரும் ஆலோசகர்தான், காசு வாங்காத ஆலோசகர்.

இயற்கை முறைக்காரர்களின் சங்கடமும் அதில்தான் இருக்கிறது. செயற்கை மருந்து கூடாது, ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற செம்புக்கு அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணை விட்டுப் போகாது, மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல், ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ என்று வரம்பு கட்டியது. மழை ஓயாத வருஷத்தில் அந்தக் கணக்கு இடிக்கும்.

எதிர்க்கட்சி

சரி, நேராகவே கேட்கிறேன். இப்போது ரோலான் பாணி ஓய்ந்துவிட்டதா? சமீபத்தில் குடித்த சாந்த்-எமிலியோன்கள் முன்பு மாதிரி தடித்து இல்லை.

பழைய பீப்பாய்

ஓய வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. பார்க்கர் விலகியது பாதிக் காரணம், மீதி வெயில். 14.5 சதவீதம் இப்போது கேட்காமலேயே வருகிறது. அதனால் தோட்டப் பாடம் தலைகீழ். மேற்குப் பக்கத்து இலையைத் தொடாதே, பிற்பகல் வெயிலுக்கு அதுதான் குடை. கொத்தை அதிகம் வெட்டாதே, கூடுதல் பழம் இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். சீக்கிரம் அறு. வரிசைக்கு நடுவே புல்லை விடு. சாந்த்-எமிலியோனின் ஷெவால் பிளாங் தோட்டத்தில் கொடிகளுக்கு நடுவே மரமே நடுகிறார்கள். 2021-ல் போர்தோவின் அனுமதிப் பட்டியலில் ஆறு புதிய திராட்சை வகைகள் நுழைந்தன, போர்ச்சுகலின் தூரிகா நசியோனால் உட்பட. தோட்டத்தில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் என்ற வரம்போடு.

அப்போது சொன்னவர்களிலேயே பலர் இப்போது நேரெதிராகச் சொல்கிறார்கள். அதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. பழுக்காத ஊருக்கு எழுதிய அறிவுரையை, பழுத்துத் தள்ளுகிற ஊரிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த இடைப்பட்ட பத்துப் பதினைந்து வருஷம்தான் குற்றம். நாம் திட்டுகிற ஒயின் பெரும்பாலும் அந்தக் காலத்து ஒயின்.

இன்றைய ஆலோசகர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்தெஃபான் தெரெனோன்கூர். வடக்கே டன்கர்க் பக்கத்து ஆள், பட்டம் கிடையாது. 1982-ல் திராட்சை பறிக்க வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். பாவி-மக்கேன் தோட்டத்தில் கொடியோடு கொடியாக வேலை செய்து கற்றுக்கொண்டு, பிறகு ஆலோசகர் ஆனார்.

லிபூர்ன் வாசி

இப்போது இங்கே பெரிய பேச்சு கவாத்து ஆலோசகர்கள்தான் அண்ணை. சிமோனித் என்று இத்தாலிக்காரர். இனிப்பு ஒயினுக்குப் பேர்போன இக்கெம் மாதிரி இடங்களே அவரைக் கூப்பிட்டுத்தான் தங்கள் ஆட்களுக்குப் பழக்குவித்தன. போர்தோ பல்கலைக்கழகத்தில் கவாத்துக்கென்றே பட்டயப் படிப்பு வந்திருக்கிறது.

காரணம் எஸ்கா என்ற நோய். கொடியின் தண்டுக்குள்ளே பூஞ்சணம் புகுந்து, நல்ல பச்சையாக நின்ற கொடி கோடையில் சில நாட்களிலேயே கருகிவிடும். முந்தி ஆர்சனிக் மருந்து அடித்தார்கள், ஆளுக்கும் ஆபத்து என்று 2001-ல் தடை. இப்போது மருந்தே இல்லை. மிச்சம் இருப்பது கத்தரிக்கோல்தான்.

எங்களுக்குப் பழக்கின முறை இது. தடித்த பழைய மரத்தை வெட்டாதே, ஒன்றிரண்டு வயது மரத்திலேயே வெட்டு. தண்டோடு ஒட்ட வெட்டாதே, கொஞ்சம் குச்சி விட்டு வெட்டு, ஏனென்றால் வெட்டின இடத்தில் இருந்து உள்ளே காய்ந்துகொண்டு போகும், அந்தக் காய்வு குச்சியோடு நிற்க வேண்டும். வெட்டுக் காயங்கள் எல்லாம் மேல் பக்கமாகவே வர வேண்டும், அடிப்பக்கத்தால் சாறு தடையில்லாமல் ஓட. இது ஒன்றும் புதிது இல்லை, நூறு வருடத்துக்கு முந்தியே பூசார் முறை என்று இங்கே இருந்ததுதான். வேகம் வேகம் என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். கொடிக் கணக்கில் காசு என்றால் யார் நின்று யோசிப்பான்? இத்தாலியில் இருந்து ஆள் வந்து சொன்ன பிறகு எங்கள் முதலாளி மணிக் கணக்குச் சம்பளத்துக்கு மாற்றினார். எனக்குத் தெரிந்து ஒரு ஆலோசகரால் எங்களுக்கு நன்மை வந்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பம் பள்ளத்தாக்கு

இந்தப் பதிவை எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் போடுகிறேன் தம்பி. குச்சி விட்டு வெட்டுவது எவ்வளவு நீளம்?

லிபூர்ன் வாசி

வெட்டுகிற குச்சியின் தடிப்பைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு அண்ணை. காய்ந்த பிறகு அடுத்த வருடம் அந்தக் குச்சியை எடுத்துவிடலாம். உங்கள் பந்தலுக்கு அப்படியே பொருந்துமோ தெரியாது, இரண்டு கொடியில் முதலில் செய்து பாருங்கள்.

எதிர்க்கட்சி

கடைசியாகக் காசு. 2023-ல் போர்தோவில் கொடியைப் பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்கிற திட்டம் வந்தது, 9,500 ஹெக்டேர் வரை. பிடுங்குகிறவர்கள் யாரும் ரோலானையோ தெரெனோன்கூரையோ கூப்பிட வசதி இல்லாதவர்கள். நாம் பேசுவது மேல்தட்டு நூறு இருநூறு பேரைப் பற்றி மட்டும்.

பழைய பீப்பாய்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன விவசாயிக்கும் ஆலோசகர் உண்டு. மாதக் கட்டணத்துக்கு வந்து மாதிரி எடுத்துப் போகிற ஊர் ஆய்வுக்கூடக்காரர், கூட்டுறவுச் சங்கத்து ஆள். பெய்னோ சொன்ன சுத்தப் பாடம் கடைசி ஊர்வரை போய்ச் சேர்ந்தது அவர்கள் வழியாகத்தான். இன்றைக்கு மலிவான போர்தோவில் வினிகர் வாடை வருவதில்லை என்றால் அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒயினை வாங்க ஆள் இல்லாமல் போனது வேறு கதை, தனி இழை வேண்டும்.

புதுமுகம்

இவ்வளவும் படித்தேன், பாதி புரிந்தது. ஆலோசகர் கை எங்கே, மண் எங்கே என்று நானே ருசித்துப் பார்க்க என்ன வாங்கலாம்? அதிக விலை வேண்டாம்.

பழைய பீப்பாய்

ஆலோசகர்களின் சொந்தத் தோட்டத்து ஒயினை வாங்குங்கள், அங்கே முதலாளி சொன்னார் என்று சாக்குச் சொல்ல முடியாது. ரோலானின் ஷாத்தோ ஃபோந்தனில், ஃப்ரோன்சாக். தெரெனோன்கூரின் தொமேன் த லா, காஸ்தியோன். இரண்டுமே பெரும்பாலும் மெர்லோ, இரண்டும் ஆற்றின் வலதுகரை, பேர் பெற்ற பொமரோல் விலையோடு ஒப்பிட்டால் கையைக் கடிக்காது. ஒரே ஆண்டாகப் பார்த்து வாங்குங்கள். வெயில் கொளுத்திய ஆண்டு வேண்டாம், வித்தியாசம் அமுங்கிப்போகும். இரண்டையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து வைத்து, எது எது என்று தெரியாமல் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள்.